பஸ்ஸில் ஊர் சொல்லும் குரல்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு வருஷமாகத் துபாயில் வேலை. வேலை முடிந்து அறைக்கு வந்ததும் லேப்டாப்பில் பஸ் ஓட்டுவார். அது ஒரு விளையாட்டு. அதற்குள் போட்டுக்கொள்ள, நம்மூர் திருநெல்வேலி–திருச்செந்தூர் பஸ்ஸை என் கொழுந்தன் தானே செய்து அனுப்பியிருந்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஊர்ப்பெயர் சொல்ல ஒரு பெண்குரல். அவன் பெண்டாட்டியின் குரல்.

"அவ சொல்லுத அழகே தனி. ஊருலயே கெடக்க மாதிரி இருக்கு" என்றார் போனில். எனக்கு வயிறு எரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் குரலைப் பற்றி அவர் சொன்ன ஒரே அபிப்பிராயம், "கொஞ்சம் பைய பேசு." நான் பேசினால் கொட்டாவி. என் ஓரகத்தியோடு மட்டும் தினமும் திருச்செந்தூர் வரை சளைக்காத பயணம்!

கொழுந்தனைப் பிடித்தேன்.

"லேசுதான் மைனி. சத்தமெல்லாம் எந்த ஃபோல்டர்ல இருக்குன்னு செட்டிங்ஸ்ல எழுதிருக்கும். உங்க ஃபோல்டரை மொதல்ல போடச் சொல்லுங்க. அங்கன இல்லாததை மட்டும் பழைய ஃபோல்டர்ல போய்த் தேடிக்கிடும். ஹாரன் சத்தம்லாம் அதுலதான் கெடக்கு, அழிச்சிராதீங்க."

அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பதிந்தேன். வீட்டிலிருந்து கிளம்பினால் வரும் ஊர்களை மனசுக்குள் ஓட்டி, மேற்கே பாளையங்கோட்டை வரை ஒரு தடவை, கிழக்கே திருச்செந்தூர் வரை ஒரு தடவை. அவளைவிட இனிமையாகத்தான் சொன்னேன். சத்தியமாக.

என்னவென்று சொல்லாமல் அவருக்கு அனுப்பினேன். வீடியோ காலில் அவரை உட்காரவைத்து, செட்டிங்ஸில் அவள் ஃபோல்டருக்கு மேலே என் ஃபோல்டரை எழுத வைத்தேன். பஸ் புறப்பட்டது. பாளையங்கோட்டை, என் குரல். "ஏ, நீயா?" என்று சிரித்தார். செய்துங்கநல்லூர், என் குரல். ஸ்ரீவைகுண்டமும் நான்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்தது எங்கள் ஊர்.

"ஆழ்வார்திருநகரி" என்றாள் அவள். குழைந்து, இழுத்து.

சொந்த ஊரை நான் பதியவே இல்லை. வீட்டிலிருந்து கிளம்புகிறவளுக்கு அந்தப் பெயரைச் சொல்ல என்ன தேவை?

அவர் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்தினார். திரையைப் பார்த்தபடியே, மெதுவாகச் சொன்னார்: "வீடு வந்துட்டு."

இரண்டு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அவள் கூப்பிட்டு வந்திருந்தது.

"பிரேக்கை எடுங்க" என்றேன். "அங்கன ஒருத்தரும் எறங்க வேண்டாம்."