ஏழாம் எண்ணுக்கு ஒரு பன்றி

லாபன் குரல் கொடுத்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிழங்குத் தோட்டத்தைக் கிளறிக்கொண்டிருக்கும் பன்றிகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கும் என்று கொரோகா பக்கத்து மலைகளில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் எதிர்மலைக்கு இறங்கி ஏற அரை நாள் ஆகும். அவன் குரல் போய்ச் சேர ஒரு மூச்சு போதும். சாவு, பிறப்பு, காப்பிக்கொட்டை வாங்கும் லாரி வரும் நாள், பாதிரியார் வராத ஞாயிறு, எல்லாம் அவன் வாய் வழியாகத்தான் பள்ளத்தாக்கைத் தாண்டின. முகட்டின் நுனியில் சவுக்கு மரத்தடியில் நின்று, ஒவ்வொரு சொல்லின் வாலையும் இழுத்து விடுவான். எதிர்மலையில் கேட்டவன் "ஓ..." என்பான். பிறகு அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு அடுத்த மலைக்குச் சொல்வான்.

பதினெட்டு வயதில் லாபன் கடற்கரைக்குக் கூலி வேலைக்குப் போனான். கொப்பரைத் தோட்டத்தில் இரண்டு வருஷ ஒப்பந்தம். மலைக்காரனுக்கு அந்தப் புழுக்கம் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமைகளில் ஆஸ்திரேலிய மேற்பார்வையாளர்கள் ரக்பி லீக் ஆடுவார்கள். ஒருநாள் ஆள் குறையவே கூலிகளையும் இழுத்துக்கொண்டார்கள். அணிக்குப் பதின்மூன்று பேர். பந்தைப் பின்னால்தான் வீச வேண்டும், ஆனால் முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் அது டிரை. லாபனுக்கு அது புதிதாகவே படவில்லை. ஊர்ச் சண்டை மாதிரியேதான் இருந்தது. முடிந்ததும் எல்லோரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம். சண்டையை இப்படியும் முடிக்கலாம் என்று நம் ஆட்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று அன்றிரவு அவன் வெகுநேரம் யோசித்தான்.

ஒப்பந்தம் முடிந்து ஒரு மரப்பெட்டி, இரண்டு அரைக்கால் சட்டை, ஆட்டத்தில் உடைந்து சரியாக ஒட்டாத தோள் எலும்பு இவற்றோடு திரும்பி வந்தான். காய்ந்த வாழை இலையைச் சுருட்டி, நார்க் கயிற்றால் இறுக்கிப் பந்து செய்தான். ஒரே மழைக்காலத்தில் அக்கம்பக்கத்து மூன்று மலைக்காரர்களும் ஆடக் கற்றுக்கொண்டார்கள்.

ஆஸ்திரேலியாவிடமிருந்து நாடு விடுதலை அடைந்த வருஷமே தேசிய அணியும் முதல் பெரிய ஆட்டத்தை ஆடியது. சொர்க்கப் பறவையின் பெயரை அணிக்கு வைத்தார்கள்: கூமுல். அந்த வருஷக் காப்பிக் காசில் லாபன் ஒரு ரேடியோ வாங்கினான். அக்கம்பக்கத்து மலைகளில் அது ஒன்றுதான். பேட்டரி தளர்ந்தால் வெயிலில் பாறைமேல் காய வைப்பான். இன்னும் அரை ஆட்டத்துக்குத் தாங்கும். ஆட்டத்தைக் கேட்கக் கேட்க எழுந்து போய் முகட்டில் நின்று சொல்வான்.

சொல்வதற்கு நல்ல சேதி அதிகம் இருக்கவில்லை. பிரான்சுக்காரர்களை ஒருமுறை புரட்டி எடுத்ததை விட்டால் அந்த வருஷங்களில் வாங்கிய அடிதான் அதிகம்.

"இன்னைக்கு எவ்வளவு மச்சான்?" என்று எதிர்மலையிலிருந்து கிபோ கேட்பான்.

"கை விரல் பத்தாது! கால் விரலையும் சேத்துக்கோ!"

"யாரு பந்தை விட்டது?"

லாபன் பெயர் பெயராகச் சொல்வான். பந்தைத் தவறவிட்டவன், எதிராளியைப் பிடிக்காமல் விட்டவன், நடுவரிடம் வாய் கொடுத்து வெளியே அனுப்பப்பட்டவன், ஒருவரையும் மறைத்ததில்லை. கிபோ வயிறெரிந்து திட்டுவான். ஆனால் லாபன் சொன்னால் அது நடந்ததுதான் என்பதில் எந்த மலைக்கும் சந்தேகம் வந்ததில்லை. தோல்வியை மறைக்காதவன் வேறு எதை மறைக்கப் போகிறான்?

கிபோவின் தங்கை சோமியேயைத்தான் லாபன் கட்டியிருந்தான். அதனால் கிபோவின் அப்பா லாபனுக்கு மாமனார். மாமனார் பெயரை மருமகன் வாயால் சொல்லக் கூடாது. லாபன் மட்டுமில்லை, அவன் முகட்டில் இருந்த நாற்பது பேரும் ஒரே குலம். பெண் எடுத்த குலம் என்பதால் அத்தனை பேருக்கும் அந்தப் பெயர் ஆகாது. தவறிச் சொல்லிவிட்டால் பெண் வீட்டாருக்கு முன்னால் ஒரு பன்றியை அடித்து அவமானத்தைத் தீர்க்க வேண்டும். இருபது வருஷத்தில் லாபன் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. கனவில்கூட "மாமா"தான்.

வினை தேசிய அணி வழியாக வந்தது. புதிதாக ஒரு பையன் ஏழாம் எண் சட்டையோடு ஆட வந்தான். முழங்கால் உயரத்துக்குக் குனிந்து பாம்பு மாதிரி நுழைவான் என்று ரேடியோக்காரர் புகழ்ந்தார். பிறகு அவன் பெயரைச் சொன்னார். அச்சு அசல் மாமனாரின் பெயர்.

அன்றிலிருந்து இரண்டு வருஷமாக லாபன் அவனை "ஏழு" என்றே கூப்பிட்டான். மற்றப் பன்னிரண்டு பேருக்கும் பெயர் உண்டு, அவனுக்கு மட்டும் எண்.

"ஏன் மச்சான், ஏழுக்கு மட்டும் அப்பா அம்மா பேரு வைக்க மறந்துட்டாங்களா?" என்பான் கிபோ.

"ரேடியோல சரியாக் கேக்கல!"

"ரெண்டு வருஷமாவா கேக்கல? காதுல என்ன, கிழங்கா நட்டு வெச்சிருக்கே?"

லாபன் சிரித்துச் சமாளிப்பான். ஆனால் உள்ளே ஒரு முள் இருந்தது. கேட்டதை அப்படியே சொல்கிறவன் என்ற பேரில் வாழ்கிறவன், "கேக்கல" என்று ஒரு பொய்யை மட்டும் மாதாமாதம் மலை தாண்டி அனுப்பிக்கொண்டிருந்தான்.

அந்த ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை தலைநகரில் நியூசிலாந்தோடு ஆட்டம். ஆராதனை முடிந்ததுமே முகட்டில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பேட்டரிகள் காலையிலிருந்து பாறைமேல் வெயில் காய்ந்தன. எதிர்மலையிலும் புல் சரிவில் ஆட்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். கடைசி ஐந்து நிமிஷம் இருக்கும்போது நியூசிலாந்து இரண்டு புள்ளி முன்னால் இருந்தது. ரேடியோ கரகரத்தது. லாபன் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக் காதை அழுத்தினான். ஏழு பந்தை வாங்கினான். குனிந்தான். இரண்டு பேருக்கு நடுவே நுழைந்தான். விழுந்தான், கோட்டுக்கு அந்தப் பக்கம். நாலு புள்ளி.

மணி அடித்தது. ரேடியோவுக்குள் ஊரே கத்தியது. கூமுல்கள் இரண்டு புள்ளியில் ஜெயித்திருந்தார்கள்.

லாபன் எழுந்து ஓடினான். "ஜெயிச்சாச்சு...! நியூசிலாந்தை ஜெயிச்சாச்சு...! கடைசியில ஏழு டிரை போட்டான்...!"

எதிர்மலையிலிருந்து வர வேண்டிய "ஓ" வரவில்லை. பிறகு கிபோவின் குரல் வந்தது.

"யாரு போட்டது?"

"ஏழு!"

"ஏழு எண்ணு மச்சான், ஆளு இல்ல! அந்தக் காலத்துச் சண்டையில எதிரியை அடிச்சா, அடிச்சவன் பேரைச் சொல்லித்தானே கூவுவோம்? பேர் இல்லாத வெற்றியை நாங்க அடுத்த மலைக்கு அனுப்ப மாட்டோம்!"

"உண்மைடா! சத்தியமா ஜெயிச்சோம்!"

"அப்போ பேரைச் சொல்லு! இல்லேன்னா நீயே இட்டுக் கட்டினதுன்னு நினைச்சுக்குவோம்!"

லாபன் முதுகுக்குப் பின்னால் அவன் ஆட்கள் முணுமுணுத்தார்கள். எல்லோருக்கும் பெயர் தெரியும், ஒருவராலும் வாய் திறக்க முடியாது. எதிர்மலைக்கு அப்பால் இன்னும் மூன்று மலைகளில் காத்திருந்தார்கள். சேதி கிபோவின் காலடியில் நின்றுகொண்டிருந்தது.

லாபன் சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷம் தோற்றவன் பேரையெல்லாம் மலை மலையாகப் பரப்பினேன். பந்தை நழுவவிட்ட பாவப்பட்டவனைக்கூட விடவில்லை. இன்றைக்கு ஜெயித்துக் கொடுத்தவன் பேரை மட்டும் விழுங்கினால், நான் சொன்னதெல்லாம் என்ன உண்மை? மானத்தைக் காப்பாற்றுகிறேனா, பன்றியைக் காப்பாற்றுகிறேனா?

பன்றி என்றதும் சோமியே ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தான். அவள் கூட்டத்தின் ஓரத்தில் நூல் பை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பெரிய பன்றி. குட்டியாக இருந்தபோது அவள் நூல் பையில் போட்டு முதுகில் சுமந்தது. மகனுக்குப் பெண் எடுக்கும்போது பெண் வீட்டாருக்குக் கொடுக்க வைத்திருந்தது.

"என்னை எதுக்குப் பாக்குறே?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமயா மூஞ்சி அப்படிப் போச்சு? என் பன்னியைத்தானே மனசுக்குள்ள அறுக்குறே?"

கூட்டம் சிரித்தது. லாபன் சிரிக்கவில்லை.

"நீ வேணாம்னா பேரைச் சொல்லல. ஆனா இனிமே முகட்டுல நின்னு எந்தச் சேதியும் சொல்ல மாட்டேன். சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

சோமியே ஊசியை நூலில் குத்தி வைத்தாள். எதிர்மலையை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் என்னவோ ஓடியது, கோபமில்லை.

"அது போட்ட குட்டி ஒண்ணு இருக்கு. வளர்த்துக்கலாம். பையனுக்கு என்ன, நாளைக்கேவா கல்யாணம்?" என்று எழுந்தாள். "ஆனா கயித்தை நான்தான் அவிழ்ப்பேன். முதுகுக் கொழுப்பு எனக்கு. உன் ஆளுங்க யாராவது கை வெச்சா விரல் இருக்காது."

லாபன் நுனிக்குப் போனான். மூச்சை வயிறு வரை இழுத்தான்.

"மாமா...! பன்னியைக் கட்டியாச்சு...! பெரிசு...! இப்போ சொல்றேன், மன்னிச்சுக்கோங்க...! டிரை போட்டது..."

கண்ணை மூடிக்கொண்டான்.

"ஒரோவே...! ஒ...ரோ...வே...!"

இருபது வருஷம் வாயில் வராத பெயர். அது பள்ளத்தாக்கில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, எதிர்ப்பாறையில் மோதித் திரும்பி வந்தது. லாபன் முகட்டில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எதிர்மலையிலிருந்து வந்தது கிபோவின் குரல் இல்லை. கரகரத்த கிழக் குரல்.

"மாப்ளே...!"

"மாமா...!"

"சரியாக் கேக்கல! இன்னொரு தடவை சொல்லு! ரெண்டாவது தடவைக்குப் பன்னி வேணாம்!"

அதற்குப் பிறகு எதிர்ச்சரிவு முழுக்கச் சிரிப்பு. எறும்புகள் மாதிரித் தெரிந்தவர்கள் குதிப்பது இங்கிருந்தே தெரிந்தது. கிபோ திரும்பி நின்று, சிரித்துக்கொண்டே, "ஜெயிச்சாச்சு..." என்று அடுத்த மலைக்கு அனுப்பினான். அப்பா பெயரை மகனும் சொல்வதில்லை. அதனால் அந்த ஒரு சொல்லை மட்டும் கிழவரே பக்கத்தில் நின்று கூவினார். தன் பெயரைத் தானே, நெஞ்சு வெடிக்க.

"இப்போ புரிஞ்சுதா?" என்றாள் சோமியே. "கிபோ டவுனுக்குக் காப்பிக்கொட்டை விக்கப் போறவன். பேப்பர்ல அந்தப் பேரைப் பார்த்திருப்பான். ரெண்டு வருஷமா அப்பா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்திருக்காரு."

"உனக்கு எப்போ தெரியும்?"

"கொஞ்சம் முன்னாடி. நம்ம ஊர்ல எந்தச் சேதிக்கு இவ்வளவு தகராறு பண்ணியிருக்கான் கிபோ?"

"தெரிஞ்சுமா பன்னியைக் கொடுத்தே?"

"எங்கப்பா பேரை நாலு மலைக்குக் கேக்கறாப்ல யாரு சொன்னாங்க இதுவரைக்கும்?" என்று சொல்லிவிட்டுப் பன்றியை அவிழ்க்கப் போனாள்.

புதன்கிழமை, ஆற்றங்கரையில் இரண்டு மலைக்கும் நடுவே குழி வெட்டினார்கள். கற்களைப் பழுக்கக் காய்ச்சி, வாழை இலை போட்டு, பன்றிக் கறியையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் கீரையையும் அடுக்கி மண்ணால் மூடினார்கள். கிழவர் தலையில் சிறகு செருகி, ஏழு என்று கரியால் மார்பில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தானே ஓடி டிரை போட்டதுபோல நடை. கிபோ லாபன் தோளில் கை போட்டு, "காதுல கிழங்கை எடுத்தாச்சு போல" என்றான். சோமியே சொன்னபடி முதுகுக் கொழுப்பை இலையில் சுருட்டித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் தின்று முடிக்கும்போது கிழவர் கையைத் தட்டினார்.

"மாப்ளே, கடைசி நிமிஷத்தை இன்னொரு தடவை சொல்லு. இங்க எல்லாருக்கும் கேக்கட்டும். இன்னைக்கு எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லலாம்."

லாபன் எழுந்தான். விரலில் கொழுப்பு வழிந்தது. வயிறு நிறைந்திருந்தது, நெஞ்சில் முள் இல்லை. பந்து கை மாறியதைச் சொன்னான். நியூசிலாந்துக்காரர்கள் இரண்டு பேர் சுவர் மாதிரி வந்ததைச் சொன்னான். கிழவர் முட்டி போட்டு முன்னால் நகர்ந்து வாயைத் திறந்துகொண்டு கேட்டார்.

"அப்போ குனிஞ்சான் பாருங்க, தரையோட தரையா நுழைஞ்சான், யாரு?"

"யாரு?" என்றது கூட்டம்.

"ஏழு!" என்றான் லாபன், இரண்டு வருஷப் பழக்கத்தில்.

கிழவர் கையில் இருந்த கிழங்குத் தோலை அவன் மேல் வீசினார். அது சரியாக மூக்கில் பட்டது.