காற்று பார்த்துப் பிடித்த வீடு

வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் வருமா, பஸ் வருமா, பள்ளிக்கூடம் பக்கமா என்று கேட்பார்கள். நான் சுவரை முகர்ந்து பார்ப்பேன். என் மகளுக்கு ஆஸ்துமா. மனைவிக்குத் தூசி ஆகாது. எனக்கு எதைக் கண்டாலும் தும்மல். ஆனாலும் இந்த விஷயத்தில் வீட்டின் நிபுணர் நான்தான் என்று யாரும் கேட்காமலே பதவி ஏற்றுக்கொண்டிருந்தேன்.

வேலைக்காக ஹைதராபாத் வந்த புதிதில் உப்பலில் குடியிருந்தோம். வீட்டைக் குறை சொல்ல முடியாது. வாசலில் ரோடு போட்டார்கள். போட்டு முடித்ததும் குழாய்க்காகத் தோண்டினார்கள். மூடியதும் கேபிளுக்காகத் தோண்டினார்கள். மகளுக்கு இழுப்பு வந்து, பள்ளிக்கூடம் போவதைவிட ஆஸ்பத்திரி போவது அதிகமாயிற்று. ஒரு நாள் நெபுலைசர் முகமூடியை அவள் மூக்கில் பிடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்:

“வேற வீடு பாருங்க. அதுவும் ஆகலைன்னா நானும் பாப்பாவும் கோயமுத்தூருக்கே போயிடறோம்ங்க. எங்கம்மா வீட்டுல இருந்தா அவ நல்லாத்தான் இருக்கா. நீங்க இங்கயே இருந்து சம்பாதிங்க.”

கோபத்தில் சொல்லியிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். நிதானமாகச் சொன்னாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

பயம் வந்தால் எனக்கு உடனே ஏதாவது மெஷின் வாங்கியாக வேண்டும். காற்றின் தரத்தைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சனி ஞாயிறெல்லாம் ஊரைச் சுற்றினேன். புரோக்கர் பால்கனியைக் காட்டுவார், நான் மீட்டரைக் காட்டுவேன். படிக்கட்டில் பெயின்ட் வாசனை, பக்கத்து மனையில் சிமென்ட் மூட்டை, எதிரே தந்தூரி அடுப்பு என்று ஒவ்வொரு வீடாகக் கழித்துக்கட்டினேன். கடைசியில் புரோக்கர் என்னைக் கழித்துக்கட்டினார். போன் அடித்தால் எடுப்பதே இல்லை.

திருமுல்கேரியில் ஒரு பழைய வீட்டை நானாகவே கண்டுபிடித்தேன். வீட்டுக்காரர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். நான் அலமாரிக்குள் தலையை விட்டு ஈர வாசனை வருகிறதா என்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். குளியலறைச் சுவரை நகத்தால் சுரண்டினேன். வாசல் மரம் எந்த மாதம் பூக்கும் என்று விசாரித்தேன்.

“ஹவ், ஆமா, பூக்கும். மரம்னா பூக்காதா? என்ன சார், வீடு பார்க்க வந்தீங்களா, மோப்பம் புடிக்க வந்தீங்களா?” என்றார் அவர்.

மகளின் ஆஸ்துமாவைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். ரொம்பவும் இரக்கப்பட்டார். டீ கொடுத்தார். டீயைக் குடித்து முடித்ததும், “நக்கோ சார், வேணாம். உங்களுக்கு வீடு குடுத்தா தினம் ஒரு கம்ப்ளைன்ட் வரும்” என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். மனிதர்களை எடைபோடத் தெரிந்தவர்.

ஒருவழியாக ராமச்சந்திராபுரம் தாண்டி, ஒரு புது அடுக்குமாடியின் மேல்தளத்தில் வீடு அமைந்தது. மீட்டரில் பச்சை விளக்கு. ஜன்னலைத் திறந்தால் பாறையும் ஆகாயமும்தான். ஆபீஸ் போய்வருவதற்குள் பாதி உயிர் போய்விடும், போகட்டும் என்று முன்பணம் கொடுத்தேன். குடிவந்ததும் என் ஆட்சி தொடங்கியது. கம்பளம் கூடாது, திரைச்சீலை கூடாது. ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்தி மூன்றுக்கும் தடை. மிளகாய் தாளித்தால் சமையலறைக் கதவைச் சாத்த வேண்டும். மகளின் பஞ்சுக் கரடியைக்கூட வெந்நீரில் முக்கி எடுத்தேன். அது பழைய உருவத்துக்குத் திரும்பவே இல்லை.

என் சட்டங்களுக்குள் வராத காரியம் ஒன்றே ஒன்றுதான். அப்பா காலமானதிலிருந்து, காலையில் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன். அவ்வளவு உயரத்துக்குக் காக்கை வரவில்லை. புறா வந்தது. முதலில் ஒன்று வந்தது, பிறகு உற்றார் உறவினர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்தது. வெளியூர் வந்த இடத்தில் அப்பாவும் கொஞ்சம் அனுசரித்துப் போக மாட்டாரா என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மகளைக் கூப்பிட்டு, “தாத்தா சாப்பிட வந்திருக்கார் பாரு” என்று காட்டினேன். அன்று முதல் அவளும் தினமும் கைகூப்பிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். பால்கனியில் காய்ந்து கிடக்கும் எச்சத்தை நானே துடைப்பத்தால், தூசி பறக்கப் பெருக்கித் தள்ளுவேன். அதுவும் பிதுர்காரியத்தில் சேர்த்தி என்று நினைப்பு.

உப்பலில் வந்ததைவிட மோசமாக மகளுக்கு இழுப்பு வந்தது. நான் மீட்டரை எடுத்துக் காட்டி, “பச்சையாத்தானே இருக்கு!” என்றேன்.

“மீட்டருக்கு ஆஸ்துமா இல்லைங்க. பாப்பாவுக்கு இருக்குது” என்று சொல்லிவிட்டு மனைவி கோயம்புத்தூருக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாள். அந்த டிக்கெட்டில் என் பெயர் இல்லை.

ஊருக்குக் கிளம்புமுன் கடைசியாக ஒரு டாக்டரைப் பார்த்துவிடுவோம் என்று கெஞ்சிக் கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மா, எங்கள் வீட்டில் நாய், பூனை, பறவை ஏதாவது உண்டா என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு பூச்சிகூடக் கிடையாது என்று தொடங்கி, என் சட்டங்கள் அத்தனையையும் ஒப்பித்தேன். கரடியை முக்கியதையும் விடவில்லை. டாக்டர் அசந்துபோனார் என்றே நினைத்தேன். அப்போது, நாங்கள் தமிழில் கேட்டாலும் தெலுங்கில் பதில் சொல்லும் எங்கள் மகள் வாயைத் திறந்தாள்.

“அப்பா டெய்லி பால்கனீலோ ரைஸ் பெடதாரு. பிஜன்ஸ் ஒச்சி தின்டாயி.”

அப்பா தினமும் பால்கனியில் சோறு வைக்கிறார், புறாக்கள் வந்து தின்கின்றன என்று போட்டு உடைத்துவிட்டாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். புறா எச்சமும் இறகுத் தூசியும் இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது, முதலில் சோறு வைப்பதை நிறுத்துங்கள், வலை போடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். மனைவி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளோ என்று பதறிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“டிக்கெட்டை கேன்சல் பண்றேன். ஒரு மாசம் பார்க்கலாம்” என்றாள் ஆட்டோவில். “ஹைதராபாத் பூராவும் மோந்து பார்த்தீங்களே, நம்ம பால்கனிய ஒருக்கா மோந்து பார்த்திருக்கக் கூடாதுங்களா?”

நான் மகள் பக்கம் திரும்பினேன். “புறா வந்தா இருமல் வருதுன்னு ஏன் கண்ணு என்கிட்ட சொல்லலை?”

முக்கியமான விஷயம் என்றால் மட்டும் அவளுக்குத் தமிழ் வந்துவிடும். “தாத்தா சாப்பிடறார்னு நீதானே சொன்னே. நான் இருமினா பறந்து போயிடும். அதான் மூச்சைப் புடிச்சிக்கிட்டு நிப்பேன்.”

அவளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். “தாத்தா இனிமே பால்கனிக்கு வர மாட்டார். வீட்டுக்குள்ள நம்மகூட உட்கார்ந்துதான் சாப்பிடுவார்” என்றேன்.

அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்போ இருமலாமா?” என்று கேட்டாள்.