ஒரு கூடை மண்ணோடு வாங்க

பக்கத்து மனையில் வீடு கட்டப் போகிறார்களாம். போன வாரம் லாரி வைத்து மண் அடித்தார்கள். தஞ்சாவூரில் மகன் வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு வேலை என்று ஒன்றுமில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பதுதான் உத்தியோகம். ஈர வண்டல் சரிந்து விழுந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. சும்மா இருக்க முடியாமல் டிரைவரிடம், "தம்பி, கொட்டினா மட்டும் பத்தாது. தண்ணி விட்டு மிதிக்கணும்" என்றேன். "ரோலர் வரும்மா. நீங்க உள்ள போங்க, தூசி" என்றான் அவன். மருமகள் ஜன்னலுக்குள் நின்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். ஆனால் அன்று சோறு இறங்கவில்லை. ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. நீங்கள் கேட்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. இன்னும் கொஞ்சம் நடந்தால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. காற்று திரும்பினால் உப்பு வாசம் வரும். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நான் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பதினைந்து வயதிருக்கும். வண்டல் வாசனை என்றால் எனக்கு முதலில் நடவுதான். குனிந்த முதுகு, முழங்கால் வரை சேறு, முன்னால் அம்மா, பின்னால் பாக்கியம் சின்னம்மா. அம்மாவின் தங்கை அவள். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். நடவில் யாரும் அவளை முந்த முடியாது. முந்தினால் நாற்றைப் பிடுங்கி அவர்கள் தலையிலேயே செருகிவிடுவாள்.

எங்கள் குடிசைகள் பண்ணையின் தென்னந்தோப்பு ஓரத்தில் இருந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். இடம் பண்ணையுடையது. அங்கே குடியிருப்பதற்கு வாடகை எங்கள் உழைப்புதான். அந்த வருஷம் கூலி நெல் கூடக் கேட்டுக் கொடி பிடித்ததில், பாக்கியத்தின் புருஷனை, என் சித்தப்பாவை, போலீஸ் பிடித்துத் திருச்சி ஜெயிலில் போட்டிருந்தது. சின்னம்மாவுக்கு அப்போது ஏழு மாதம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நல்ல சேதி வந்தது. குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று மெட்ராஸில் சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். அப்பா ரேடியோப் பெட்டி இருந்த டீக்கடையில் கேட்டுவிட்டு வந்து, குடிசை மண்சுவரைத் தடவிப் பார்த்தார். அப்பா எதையும் தடவிப் பார்த்து நான் கண்டதில்லை.

அதே சேதி பண்ணைக்கும் போயிருந்தது. நடவு முடியட்டும் என்று காத்திருந்தார்கள். முடிந்த மறுநாள் காலையில் பண்ணைக் காரியஸ்தர் அப்பாவைத் தேடி வந்தார்.

"சட்டம் வருதாமே வீரையா. வர்றதுக்குள்ள மனையக் காலி பண்ணிக் குடுத்துருங்க எல்லாரும்."

"எங்க போவோம் ஆண்டே? புள்ளத்தாச்சி இருக்கு."

"சட்டம் போடுறவங்களப் போய்க் கேளு."

கூரையைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஆண்கள் ஏறினார்கள். அதற்கும் விடவில்லை. மூங்கிலும் கீற்றும் தோப்புக்குச் சொந்தமாம். அம்மா மேலே ஏறி முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினாள். "என்ன பண்றே?" என்று அதட்டினார் காரியஸ்தர். "கயிறு நான் திரிச்சதுங்க" என்றாள். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். எங்கள் வீட்டிலிருந்து நாங்கள் எடுத்துவந்தது அந்தக் கயிறும் நாலு பானையும்தான்.

கோரையாற்றங்கரையில் போய் உட்கார்ந்தோம். வீடில்லாமல் போவது என்றால் என்னவென்று கேட்டால், நான் மழையையோ வெயிலையோ சொல்லமாட்டேன். சேலை மாற்ற மறைவில்லாததைச் சொல்வேன். அம்மாவும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு சின்னம்மாவுக்கு மறைப்புக் கட்டுவோம். சாலையில் பஸ் போகும்போது எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பும். கரையைக் காவல் காக்கும் லஸ்கர் நல்ல மனுஷன்தான், தினமும் வந்து, "கம்பு நட்டுராதீங்க, கரை விட்டுரும். மேலேருந்து தண்ணி வருது, வேற இடம் பாருங்க" என்று கெஞ்சுவார். விரட்டினாலாவது சண்டை போடலாம். கெஞ்சுகிறவரிடம் என்ன சொல்வது?

வேறு இடம் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மேய்க்கால் புறம்போக்கு. ஊர் மாடு மேய விட்ட சர்க்கார் நிலம். பள்ளம். ஒரு மழை பெய்தால் கணுக்காலுக்குத் தண்ணீர் நிற்கும். அதனால்தான் அதை யாரும் வளைத்துப் போடவில்லை. அப்பாவும் மற்றவர்களும் போய்ப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பினார்கள். பாக்கியம் சின்னம்மாதான் சொன்னாள். "பள்ளம்னா என்ன மச்சான்? மேடாக்குவோம். நமக்கு மண்ணு சொமக்கத் தெரியாதா?"

தூர் வாரிய வாய்க்கால் வண்டல் கரையோரம் குவிந்து கிடந்தது. கூலி வேலை முடிந்து வந்ததும் எல்லோரும் கூடை எடுத்தோம். குடியிருக்க இடம் இருந்த பக்கத்துத் தெருச் சனங்களும் வந்தார்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு சின்னம்மா மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்துவாள். அவள் போட்ட சட்டம்தான் அது: எங்களைப் பார்க்க யார் வந்தாலும் ஒரு கூடை மண்ணோடு வர வேண்டும். துக்கம் விசாரிக்க வந்தாலும் சரி, பெண் கேட்டு வந்தாலும் சரி. என்னைப் பெண் கேட்டு மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை, வெள்ளை வேட்டியோடு மண் சுமந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். எனக்கு அதில் வருத்தமில்லை. ஒரு கூடை மண் லாபம்.

மீன் விற்க வரும் காளியம்மாவும் விலக்கில்லை. கடற்கரைக்காரி, குரல் கணீரென்று இருக்கும். "எங்க ஊர்ல மண்ணுக்கு எங்க போறது? கிளிஞ்சதான் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவள், மறுநாளிலிருந்து மீன் கூடைக்கு மேல் இன்னொரு கூடை வைத்துக் கிளிஞ்சல் கொண்டுவந்து கொட்டினாள். அடியில் அது கிடந்ததால் மண் இறுகியது. கரைவேட்டி கட்டிய ஒருவரும் ஒருநாள் ஜீப்பில் வந்தார். "இப்ப நடக்கிறது நம்ம ஆட்சிம்மா. சட்டம் வந்துகிட்டே இருக்கு" என்றார். சின்னம்மா அவர் கையைப் பார்த்தாள். "ஆட்சி இருக்கட்டுங்க. கூடை எங்க?" அவர் சிரித்துக்கொண்டே ஒரு கூடை சுமந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அதன்பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை.

ஒரு குடிசைக்கு மட்டும் மேடு எழும்பியது. யாருக்கு என்ற பேச்சே எழவில்லை. அம்மாவின் கயிற்றால் கட்டி, பனையோலை வேய்ந்து, சின்னம்மாவை உள்ளே உட்கார வைத்தோம். அவள் கால் நீட்டிப் படுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, தரை காஞ்சிருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விடவேயில்லை. ஆற்றங்கரையில் இருக்க முடியாமல் எல்லாக் குடும்பமும் அந்த மேட்டுக்கு வந்து, குடிசைக்கு உள்ளேயும் ஓரத்திலும் ஒண்டிக்கொண்டோம். சுற்றிலும் தண்ணீர் ஏறியது. ஒருநாள் காலை அது திடீரென்று வேகமாக ஏறத் தொடங்கியது. அப்பா நீந்திப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பண்ணை வயலில் புதுநடவு அழுகிவிடும் என்று, வடிகால் கரையை எங்கள் பக்கமாக வெட்டிவிட்டிருந்தார்கள். அந்த நாற்றை நட்டவர்கள் நாங்கள்தான். எங்கள் கையால் நட்ட பயிர் பிழைக்க எங்கள் மேட்டை மூழ்கடித்தார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருவதில்லை. நாற்று நட்ட விரல்களைத்தான் பார்த்துக்கொள்கிறேன்.

ஓரத்து மண் சொதசொதவென்று கரைந்து விழுந்தது. நாங்கள் வரிசையாக உட்கார்ந்து முதுகால் மண்ணைத் தாங்கினோம். சிரித்தாலும் சிரியுங்கள், வேறு வழி தெரியவில்லை. மத்தியானம் சின்னம்மாவுக்கு வலி கண்டது. மாதம் நிறையவில்லை. ரோடு முழுகிவிட்டது, பஸ் இல்லை, ஆஸ்பத்திரி திருத்துறைப்பூண்டியில். ஊருக்குத் திரும்ப முடியாமல் எங்களோடு மாட்டிக்கொண்ட காளியம்மாதான் பிரசவம் பார்த்தாள். ஆண்பிள்ளை. உயிரோடு பிறந்தான். ஆனால் அழுகைச் சத்தம் பூனைக்குட்டி மாதிரி இருந்தது. சூடு காட்ட நெருப்பு மூட்டினோம். விறகெல்லாம் ஈரம், புகைதான் வந்தது. ஒவ்வொருத்தியாக அவனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டோம். நனைந்த துணிக்குள் எங்கள் உடம்பே சில்லிட்டிருந்தது. அவனுக்குக் கொடுக்கச் சூடு எங்கே இருக்கும்? என் முறை வந்தபோது தாலாட்டுக்கு நடுவே விரலால் என் கழுத்தைக் கீறினான். மறுநாள் பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

புதைக்க இடமில்லை. சுடுகாடும் தண்ணீருக்கு அடியில். அப்பா குழந்தையைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரத்தில் உலர்ந்த மண் என்று இருந்தது குடிசைத் தரை மட்டும்தான்.

சின்னம்மா படுத்தபடியே சொன்னாள்: "இங்கனயே வைங்க மச்சான். நாம போட்ட மண்ணுதானே."

குடிசை மூலையில் தோண்டினார்கள். வண்டலுக்குக் கீழே காளியம்மாவின் கிளிஞ்சல் வெள்ளையாகத் தெரிந்தது. அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

தண்ணீர் வடிந்தபோது மேட்டில் பாதி இல்லை. தையில் மறுபடி கூடை எடுத்தோம். சட்டமும் வந்தது. தாலுகா ஆபீஸிலிருந்து வந்தவர் அப்பாவிடம் பொறுமையாகத்தான் கேட்டார்.

"சட்டத்துல சொன்ன தேதியில தோப்பு மனையில குடியிருந்தீங்களா?"

"தள்ளிவிட்டுட்டாங்க சார்."

"அப்ப இல்லதானே?"

"இல்லீங்க."

"அப்ப இதுல உங்களுக்கு வராதுங்க. நான் என்ன பண்றது?"

மேய்க்காலுக்கும் பட்டா கிடையாது என்றார்கள். பட்டா இல்லாமலே அங்கு பல வருஷம் இருந்தோம். சித்தப்பா ஜெயிலிலிருந்து வந்து அந்த மூலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அவர்களுக்குப் பிறகு பிள்ளை பிறக்கவில்லை. அப்பா அந்த மேட்டிலேயே கண்ணை மூடினார். நான் கல்யாணமாகி, சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்து வெளியூர் போனேன். பின்னால் சர்க்கார் ரோட்டோரத்தில் காலனி கட்டிக் கொடுத்தது. காங்கிரீட் கூரை, ஒழுகினாலும் வீடு. எல்லோரும் போனார்கள். சின்னம்மா மட்டும் வரமாட்டேன் என்று மேட்டிலேயே கிடந்தாள். கடைசியில் மேய்க்காலை இறால் பண்ணைக்கு விட்டபோது அம்மாதான் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாவுக்காக ஊருக்குப் போனவள், அந்தப் பக்கம் நடந்தேன். கம்பி வேலி. உள்ளே ஆளுயரத்துக்கு வெட்டிய குட்டைகள். தண்ணீரைக் கடைந்துகொண்டு இயந்திரங்கள் சுற்றின. காலனிப் பெண் ஒருத்தி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். "இங்க ஒரு மேடு இருந்துச்சே, தெரியுமா?" என்றேன்.

"இது எப்பவும் பள்ளம்தாங்க" என்றாள்.

அந்த மூலை எங்கே இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். வேலியைச் சுற்றி ஒரு நடை நடந்தும் பார்த்தேன். பிடிபடவில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் அங்கே போய் நிற்கத் தெரிந்தவர்கள் அம்மாவும் பாக்கியம் சின்னம்மாவும்தான். அம்மா முன்னால் போனாள். அன்று நான் போயிருந்தது சின்னம்மாவின் சாவுக்கு.