மலைக்குப் போகாத மொட்டைகள்

நாயுடுபேட்டை இரும்பு ஆலை வேலையை விட்டுவிட்டுக் காளஹஸ்தி சாலையில் நடந்துகொண்டிருந்தேன். உலை கையைப் பொசுக்கியிருந்தது. வேறு சண்டை எதுவும் இல்லை. ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே மாணவர்கள், எல்லாருக்கும் மொட்டை. திருமலைக்குப் போய் வருகிறவர்கள் என்று நினைத்தேன். இல்லையாம். திருப்பதியில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு நாடகம் போடப் போகிறார்கள். மருந்தில் பிள்ளைகளுக்கு முடி கொட்டிவிட்டதால், துணையாக இவர்களும் சலூனில் மழித்துக்கொண்டார்களாம்.

"பெட்டி தூக்க ஆள் இல்லை. வரியா அண்ணா?" என்றார்கள். ஏறிக்கொண்டேன்.

வார்டில் பிடரிமயிர் உதிர்ந்த சிங்கத்தின் கதையைத் தெலுங்கில் நடித்தார்கள். பிள்ளைகள் முகக்கவசத்துக்குள் சிரித்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. நகரி பக்கத்துத் தமிழ்க் குடும்பம். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, தெம்பு வந்தால்தான் அடுத்த மருந்து ஏற்றுவார்கள் என்றார் அவள் அம்மா. சிங்கமாக நடித்த மாணவி, "உனக்குத் தமிழ் வருமே, பேசு அண்ணா" என்று என்னை அனுப்பினாள்.

சிறுமிதான் முதலில் கேட்டாள். "இவங்கல்லாம் மலைக்குப் போய்க்கினு வந்தாங்களா?"

"இல்ல பாப்பா. உங்களுக்காவ சலூன்ல அடிச்சிக்கினாங்க."

"முடிய என்னா பண்ணாங்க?"

விசாரித்துச் சொன்னேன். கடைக்காரர் கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டார்.

அவள் மாணவியை ஏறிட்டுப் பார்த்தாள். "சாமிக்குக் குடுக்காம குப்பையிலயா போட்ட? லூசு."

மாணவிக்கு அது புரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பிறகு அம்மா சொன்னார். நோய் குணமானால் மகளின் முடியைத் திருமலையில் தருவதாக வேண்டிக்கொண்டிருந்தார். மருந்து முந்திக்கொண்டது. "குடுக்க முடி இல்ல, சாமி இனிமே பாக்காது, என்னாத்துக்குத் துன்னணும்னு படுத்துக்கினா. வளந்ததும் குடுக்கலாம்னா கேக்கல."

எனக்குச் சாமியோடு பழக்கம் குறைவு. சிறுமி என் தலையையே பார்த்தாள். மாதக்கணக்கில் வெட்டாத முடி.

"உன்துல பேன் இருக்குதா?"

"இருக்கும்."

"பரவால்ல. என் பேர சொல்லி குடுத்துட்டு வரியா?"

"தப்பா நெனச்சிக்காதண்ணா" என்றார் அம்மா.

"குடுத்தா துன்றியா?" என்று கேட்டேன்.

"வந்து காட்டு. அப்பறம் பாக்கலாம்."

அன்று சாயங்காலமே மாணவர்கள் என்னை மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அவர்களிடம் கொடுக்க முடி இல்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி கேன்டீனில் வேலை கேட்டேன். சந்தனம் பூசிய தலையைப் பார்த்ததும் சேர்த்துக்கொண்டார்கள். முதல் வேலை வார்டுகளுக்கு இட்லி கொண்டுபோவது. சிறுமி என்னைக் குனியச் சொன்னாள். காதுக்குப் பின்னால் வரை தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து இட்லியைப் பிய்த்தாள். மெதுவாகத்தான் விழுங்க முடிந்தது. மற்ற கட்டில்களுக்கான இட்லி ஆறிக்கொண்டிருக்க, அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.