ஏலத்தோட்டத்தில் ஒரு 'கூ'

போன வருஷம் ஐப்பசி மாதம், விடாமல் பெய்த மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை. இடம், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கும் ஓர் ஏலத்தோட்டம். இன்றைக்கும் மலையில் மூடுபனி இறங்குவதைப் பார்த்தால் கைவேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறேன்.

எனக்குப் போடியில் மின்சாமான் கடை. உட்கார்ந்தே வியாபாரம் பார்த்ததில் தொப்பையும் சர்க்கரையும் ஜோடியாக வந்து சேர்ந்தன. கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கும் என் மகள்தான், "மாத்திரையைக் கூட்டுறதுக்கு முன்னாடி சைக்கிளை மிதிங்கப்பா" என்று எனக்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்தாள். அவளுடையது கிராவல் பைக். ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த கைப்பிடி, சரளைக்கல் பாதையில் ஓடுவதற்கென்று தடித்த டயர். அதில் மணி கிடையாது. வீண் கனம் என்று வாங்கிய அன்றே கழற்றிக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டாள். பின்னால் வந்து நின்றால்கூடத் தெரியாது, அவ்வளவு அமைதியான வண்டி. அதில் எனக்கே கொஞ்சம் பெருமை இருந்தது.

அந்தத் தோட்டத்து மேனேஜர் என் கடைக்கு வந்துபோகிறவர். அவரிடம் கேட்டுக்கொண்டு, காலையில் தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பின் தலையில் எங்கள் சைக்கிள்களைக் கட்டினோம். திரும்புவதும் அதே ஜீப்பில்தான். ஈர ரோட்டில், கொண்டை ஊசி வளைவில் சைக்கிளில் இறங்கக் கூடாது என்பது என் மனைவியின் உத்தரவு. உள்ளே பெண்களோடு பெண்களாக இடித்துப் பிடித்து உட்கார்ந்தோம். என் தொப்பைக்கு இடம் விட்ட ஒரு தங்கச்சி, வாய்க்குள் சிரித்தது எனக்குக் கேட்கத்தான் செய்தது.

மேலே போய் இறங்கியதும் பெண்கள் காய் எடுக்கச் சரிவு சரிவாகப் பிரிந்து போனார்கள். போகும்போது ஒருத்தி "கூ..." என்று நீட்டினாள். அடுத்த சரிவிலிருந்து இன்னொரு "கூ". என் மகள், "இதுதான் இவங்க வாட்ஸ்அப் குரூப்பாப்பா?" என்று சிரித்தாள். அவர்களை வேலை வாங்கும் கங்காணி அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். அவர் திரும்பிப் பார்த்தார்.

"சிரிக்காத ஆத்தா. காட்டுக்குள்ள எங்க கூ சத்தம் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கூ போட்டுரணும். ஆளு இருக்குன்னு எங்களுக்கும் தெரியும், ஆனைக்கும் தெரியும்" என்றார்.

நாங்கள் தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டோம்.

மத்தியானம் வரை ஒரு குறையும் இல்லை. ஏலச்செடிகளுக்கு நடுவே மண் பாதை, மேலே பெரிய பெரிய நிழல்மரங்கள், தலையில் சொட்டும் தண்ணீர். புளிசாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் பனி இறங்கியது. ஓர் ஏற்றத்தில் என் சைக்கிளின் செயின் கழன்றுகொண்டது. மகள் நின்றாள். நான்தான் பெரிய மனுஷன் மாதிரி, "நீ போம்மா. ஸ்டோர்ல நில்லு, நான் மாட்டிட்டு வர்றேன்" என்றேன். ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்தும் கட்டடம். ஜீப்பு வந்து நிற்கும் இடமும் அதுதான். அவள் பனிக்குள் போனாள். அந்த வண்டி போன சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

கையெல்லாம் கிரீஸோடு நான் ஸ்டோருக்கு வந்தபோது அவள் அங்கே இல்லை. ஸ்டோரில் வேலை பார்க்கிற மலையாளத்துக்காரர், யாரும் வரவில்லை என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழியில் ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இங்கே வருகிறது, இன்னொன்று ஓடைக்கு இறங்குகிறது. பனியில் அவள் எதில் திரும்பினாள்? ஓடைப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஐயோ, அங்ஙோட்டு போகண்டா சாரே. ஆனயுண்டு."

விடியக்காலையில் அங்கே நின்ற ஆனையை வெடி போட்டு விரட்டினார்களாம். அது எவ்வளவு தூரம் போனது என்று யாருக்கும் தெரியாது.

மகளுக்குப் போன் போட்டேன். எந்த டவர் எட்டியதோ, ஒரு பெண் மலையாளத்தில் நிதானமாக ஏதோ சொன்னாள். மறுபடி போட்டேன், மறுபடியும் அவளேதான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரலின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் வேறு யார் மேலும் வந்ததில்லை.

அதற்குள் ஜீப்பு வந்து நின்றது. பெண்களும் கூடைகளோடு வந்துவிட்டார்கள். கங்காணி அம்மா என்னைப் பார்த்ததும், "அண்ணே, புள்ளய எங்க?" என்றார். ஓடைப் பக்கம் கையை மட்டும் நீட்டினேன்.

அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கூவினார். எல்லாப் பெண்களும் சேர்ந்து கூவினார்கள். கிழக்குச் சரிவிலிருந்து பதில் வந்தது. மேலே மருந்தடித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து வந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூட ஒன்று வந்தது. ஓடைப் பக்கமிருந்து மட்டும் வரவில்லை. மறுபடி கூவினார்கள். நானும் தொண்டை கிழியக் கூவினேன். காலையில்தானே அவளுக்குச் சொன்னார்கள்? கேட்டால் பதில் கொடுக்காமல் இருப்பாளா? கேட்கவில்லை என்றால்... அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியமில்லை.

திடீரென்று கங்காணி அம்மா கையை உயர்த்தினார்.

"நிப்பாட்டுங்கடி. இனி யாரும் மூச்சு விடக் கூடாது."

"ஏம்மா? கூப்பிடுங்கம்மா!" என்று நான் கத்திவிட்டேன்.

"மெல்லமாப் பேசுங்கண்ணே. புள்ள பக்கத்துல அது நின்னுச்சுன்னா எப்பிடிப் பதில் குடுக்கும்? நம்ம சத்தத்துல அது மெரண்டு புள்ள பக்கமே திரும்பிரக் கூடாதுல்ல."

ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கோ ஆனை அவள் பக்கத்தில் நிற்பதுதான் கண்ணுக்குள் வந்தது.

ஜீப்பு டிரைவர் மெதுவாக, "பனி இன்னும் அடைச்சுச்சுன்னா வளைவு தெரியாதுக்கா. வெரசா எறங்கணும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. வண்டி நிறைய உயிர் அவர் கையில்.

"மேல ஏறுன ஆளு எறங்காம ஜீப்பு என்னைக்குடா எறங்கியிருக்கு? இஞ்சினை அமத்து."

அவர் அணைத்தார். அதன் பிறகு இலையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்தான். அந்தப் பெண்களில் ஒருத்தி கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தவள். காலையில் ஜீப்பில் வரும்போது அதைத்தான் பேசிக்கொண்டு வந்தாள். அவளும் நின்றாள், ஜீப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஓடைப் பக்கம் ஓடப் பார்த்தபோது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டவளும் அவள்தான்.

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. வீட்டில் போய் அவள் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று நினைத்தேன். 'நீ போம்மா' என்று நான் சொன்னதே திரும்பத் திரும்பக் காதில் கேட்டது. செயினை மாட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நிற்கச் சொல்லியிருக்கக் கூடாதா?

அப்போது வந்தது. "கூ..." உடைந்த, மெலிந்த குரல். பாதி இருமல் மாதிரி இருந்தது. நான் பதில் கொடுக்க வாயைத் திறந்தேன், கங்காணி அம்மா என் வாயைப் பொத்திவிட்டார். இரண்டாவது தடவை அதே குரல், கொஞ்சம் பலமாக வந்தது. "ரெண்டாவதும் கூவுதுன்னா ஆனை போயிருச்சு. இப்பப் போடுங்கடி!" என்றார். அத்தனை பேரும் கூவியதில் மலையே திருப்பிக் கூவியது.

டிரைவரும் ஸ்டோர்க்காரரும் வெடியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் அவளைக் கூட்டி வந்தார்கள். உடம்பெல்லாம் சேறு, முழங்கையில் சிராய்ப்பு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தாள். என்னைப் பார்த்ததும் அதைக் கீழே போட்டுவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் வெட்கமில்லாமல் அழுதோம்.

வளைவில் திரும்பியபோது ஆனை பாதையிலேயே நின்றதாம். இவள் வண்டிக்குத்தான் சத்தமே கிடையாதே! அதற்கும் இவள் வருவது தெரியவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டுச் சரிந்து ஒரு பாறைக்குப் பின்னால் ஒடுங்கிவிட்டாள். எங்கள் கடைக்கும் எதிர் டீக்கடைக்கும் உள்ள தூரம்தான் இருந்ததாம்.

"எல்லாக் கூவும் கேட்டுச்சுப்பா. வாயத் தொறக்க முடியல. திடீர்னு நின்னுபோச்சா, என்னைய விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு டிரைவரைப் பார்த்தாள். "ஆனா ஜீப்பு போற சத்தம் கேக்கவே இல்ல. அப்ப நிக்கிறீங்கன்னு தெரிஞ்சுச்சு. அதான் அழாம இருந்தேன்."

டிரைவர் சைக்கிள்களை மேலே தூக்கிக் கட்டினார்.

எல்லாரும் ஏறிய பிறகு இஞ்சினைப் போடுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கங்காணி அம்மா ஒவ்வொருத்தி பேராகச் சொல்வார். அவளவள் "கூ" என்று குரல் கொடுக்க வேண்டும். எல்லாப் பேரும் முடிந்தது. "சைக்கிள்காரப் புள்ள?" என்றார். என் மகள் கூவினாள். "சைக்கிள்கார அண்ணே?" என்றார். எனக்குச் சத்தமே வரவில்லை. டிரைவர் சாவியைத் திருகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். குழந்தைக்காரி உட்பட யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் எப்படியோ ஒரு "கூ" போட்ட பிறகுதான் ஜீப்பு கிளம்பியது.

மகளின் சைக்கிளில் இப்போது பித்தளை மணி இருக்கிறது. சாயங்காலம் அவள் வாசலில் வந்து அதை அடித்ததும் நான் கடைக்குள்ளிருந்து "கூ" என்பேன். வாடிக்கையாளர்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும். தங்கள் வீட்டில் பிள்ளைகள் காத்திருக்க, என் பிள்ளைக்காக அந்தப் பெண்கள் பனிக்குள் மூச்சுக் காட்டாமல் நின்றதை நினைக்கும்போதெல்லாம், அன்று ஜீப்பில் நான் கொடுத்த அந்த ஒரு குரல் அவர்களுக்குப் போதாது என்றே எனக்குத் தோன்றுகிறது.