அவர் சொன்ன அதே பொய்

நல்ல தலைமையைப் பற்றி யாராவது பேசத் தொடங்கினால் நான் எழுந்து போய்விடுவேன். காரணம் இதுதான்.

தொண்ணூறுகளில் அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனியில் நான் சூப்பர்வைசர். அந்த வருடத் தேர்த்திருவிழாவில் நகைச்சுவை நாடகம் பார்த்தேன். புதிதாக நடிக்க வந்த பெண் வசனம் மறந்து விழித்தாள். குழுவை நடத்திய நகைச்சுவை நடிகர் சட்டென்று தலையில் அடித்துக்கொண்டு, "நாந்தானுங்க மறந்துபோட்டேன்!" என்றார். கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது. அதற்குள் அவளுக்கு வசனம் நினைவுக்கு வந்துவிட்டது.

"தலைவன்னா இப்படி இருக்கோணும்" என்று கம்பெனியில் எல்லோரிடமும் சொன்னேன். தையல் மெஷினில் இருந்த சரசுவிடமும்தான்.

அடுத்த வாரம், லேபிள் மாறிய விஷயத்தைச் சரசுவிடம் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு லாட் பனியன் முழுவதும் பழைய லேபிளோடு தைத்தாகிவிட்டது.

"யாரு பண்ணுன வேலை இது?" என்று முதலாளி கத்தினார்.

நான் சரசுவைக் கை காட்டினேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "லேபிள் மாறுனதை அண்ணன் அப்பவே சொன்னாருங்க. நாந்தானுங்க மறந்துபோட்டேன்" என்றாள்.

அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். டிபன் பாக்ஸோடு என்னைக் கடந்தவள், "போயிட்டு வாரேனுங்கண்ணா" என்றாள்.

நாடகத்தன்று எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியதும், சரசுவைக் காட்டிய இதே கைதான்.