பூட்டுக்குக் கிடைத்த ஸ்டேட்டஸ் கோ

பிள்ளைகளே, கோபத்தோடு எழுத வேண்டாம் என்று உங்கள் அம்மா சொல்லியிருக்கிறாள். முயற்சி செய்கிறேன். ஆனால் 'ஸ்டேட்டஸ் கோ' என்று எழுதும்போதே பேனா தாளைக் கிழிக்கப் பார்க்கிறது.

அது லத்தீன். இப்போது இருக்கிற நிலை என்று பொருள். அந்த மொழியை வீட்டில் பேசுகிற குடும்பத்தை நான் கேள்விப்பட்டதில்லை. நம் கோர்ட்டுகளில் மட்டும் அது சாகாமல் இருக்கிறது.

அப்போது நான் ஏழாவது படித்தேன். திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கிய புதிது. எங்கள் நிலம் செங்கம் ரோட்டில், டவுனைத் தாண்டி. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சேர்த்து ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஒரு நாள் அவர் முறை, மறுநாள் எங்கள் முறை. மூத்தவர் என்பதால் கரண்ட் சர்வீஸ் பெரியப்பா பேரில் இருந்தது. அண்ணன் தம்பிக்குள் இதற்கெல்லாம் யார் எழுதி வாங்குவார்கள்?

அந்த வருஷம் பெரியப்பா கரும்பு போட்டார். கரும்புக்குத் தண்ணீர் ஜாஸ்தி வேண்டும். எங்கள் முறை நாளில் அப்பா போய்ப் பார்த்தால், மோட்டார் கொட்டகையில் புதுப் பூட்டு தொங்கியது. எங்கள் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பூத்து விழுது இறங்குகிற நேரம். அப்போது தண்ணீர் தவறினால் காய் பிடிக்காது, வெறும் செடிதான் மிஞ்சும்.

அம்மா கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்பா பிடுங்கி வைத்தார். அண்ணன் போட்ட பூட்டைத் தம்பி உடைத்தால் ஊர் சிரிக்கும், கோர்ட் எதற்கு இருக்கிறது என்றார். கோர்ட் என்றால் அவருக்குக் கோயில் மாதிரி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படி ஏறினார். பியூன்கூடச் சிரித்தான்.

எங்கள் வக்கீல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வெளியே வந்தார். "ஸ்டேட்டஸ் கோ வாங்கிட்டேன். இனிமே உங்க அண்ணன் எதையும் மாத்த முடியாது. மாத்தினா உள்ள போயிடுவாரு."

ஜெயித்துவிட்டோம் என்றுதான் அப்பாவுக்குப் புரிந்தது. ராஜகோபுரத்துக்கு எதிரில் கற்பூரம் ஏற்றினார். தேரடியில் ஜாங்கிரி வாங்கினார். பகையும் இத்தோடு தீரட்டும் என்று பெரியப்பா வீட்டுக்குத் தனியாக ஒரு பொட்டலம். அதை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார்.

பெரியப்பா ஒரு ஜாங்கிரியை வாயில் போட்டுக்கொண்டு, எதற்குடா இது என்று கேட்டார்.

"ஆர்டர் ஆயிடுச்சில்லண்ணா. சாவி குடுத்தீங்கன்னா நாளைக்கே தண்ணி கட்டிடுவேன்."

பெரியப்பா மென்று விழுங்கினார். "இருக்கறது இருக்கறபடி இருக்கணும்னுதான்டா ஆர்டர். பூட்டு இருக்குதா இல்லியா? அது அப்படியே இருக்கும். நீ கை வச்சின்னா உன்னத்தான் புடிச்சினு போவாங்க." சொல்லிவிட்டு இன்னொரு ஜாங்கிரி எடுத்தார்.

மறுநாள் அம்மாவும் வக்கீலிடம் வந்தாள். பெரியப்பா சொன்னது சரிதான் என்று வக்கீல் ஒத்துக்கொண்டார். பூட்டுப் போடுவதற்கு முந்தின நிலை வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டுமாம். அதற்கும் ஒரு லத்தீன் பேர் வைத்திருக்கிறார்கள். இனி அதற்குத் தனி மனு போட வேண்டும், அடுத்த வாய்தாவில் பார்க்கலாம் என்றார்.

"பூட்டுப் போட்டது யாருன்னு ஜட்ஜய்யா கேட்டாரா சார்?"

"அது விசாரணையில வர்ற விஷயம்மா."

"விசாரணை வரைக்கும் செடி உசுரோட இருக்குமா?"

வக்கீல் அப்பாவைப் பார்த்து, வீட்டுக்காரம்மாவைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள் என்றார். அப்பா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை இன்று நினைத்தாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

இருக்கிறபடி இருக்கட்டும் என்று உத்தரவு போட்டால் பூட்டு கேட்கும். செடி எப்படிக் கேட்கும்? ஒரு வாய்தாவுக்கு ஜட்ஜ் லீவு. இன்னொன்றுக்குப் பெரியப்பாவின் வக்கீல் வரவில்லை. கிணற்றில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே எங்கள் மல்லாட்டை இலை சுருண்டு, பழுத்து, கருகியது. குடத்தால் மொண்டு ஊற்றலாம் என்று அம்மா சொன்னாள். அதுவும் உத்தரவை மீறியதாகிவிடுமோ என்று அப்பா பயந்தார். கடைசியில் செடிகளைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டோம். ஒவ்வொரு பிடியையும் அம்மா உதறிப் பார்த்துவிட்டு வீசினாள். மண்தான் உதிர்ந்தது.

அந்த நாட்களில் பொழுது சாய்ந்ததும் அப்பா தவறாமல் மோட்டார் கொட்டகைப் பக்கம் போவார். கொஞ்ச நேரம் அங்கேயே குந்தியிருந்துவிட்டுத் திரும்புவார். பெரியப்பா மனம் மாறித் திறந்துவிட்டாரா என்று பார்க்கப் போகிறார் என நினைத்துக்கொண்டேன். அண்ணன் இவ்வளவு செய்த பிறகும் நம்புகிறாரே என்று அப்பா மேல் எரிச்சலாக வரும்.

நான் பெரியவனாகி ஒரு நாள் கேட்டபோதுதான் சொன்னார். அம்மாவோ நானோ ஆத்திரத்தில் போய் உடைத்துவிட்டால் கோர்ட்டுக்கு யார் பதில் சொல்வது என்று, அந்தப் பூட்டுக்கு அவர் காவல் இருந்திருக்கிறார்.